வெள்ளைக் குதிரைக்கு ஒரு லூர்துமேரி

"காலைத் தூக்குடி. அந்தக் கால் இல்ல, இந்தக் கால். எத்தினி தபா சொல்றது உனுக்கு?"

லூர்துமேரியின் தலை குதிரையின் வயிற்றுக்கு அடியில் இருக்கிறது. வலது கையில் தேங்காய் நார். இடது கையில் பூந்திக்கொட்டை நுரை முழங்கை வரை வழிகிறது. பிரின்சி என்கிற அந்த வெள்ளைக் குதிரை, திட்டு யாருக்கோ விழுவதுபோல் வேலிக்கு அப்பால் கரும்பைப் பார்த்துக்கொண்டு, நிதானமாகப் பின்னங்காலைத் தூக்குகிறது. வளவனூரில் இன்னும் டீக்கடை பாய்லர்கூடச் சூடேறவில்லை. சித்திரை மாதத்தில் சூரியன் தென்னைக்கு மேலே வருவதற்குள் குதிரை குளித்து முடித்திருக்க வேண்டும் என்பது லூர்துமேரி போட்ட சட்டம். வெயில் ஏறிவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் ஒரு பக்கம், வழிகிற வேர்வை ஒரு பக்கம், ரெண்டும் சேர்ந்து ஊர்ப் புழுதியையெல்லாம் கூப்பிட்டு முதுகில் உட்காரவைத்துவிடும் என்பாள்.

குளியலுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் முகம். முகத்துக்கு நார் ஆகாது, பழைய பனியன் துணிதான். கண் ஓரம், மூக்குத் துவாரம், காதின் உட்புறம் எல்லாம் கைக்குழந்தைக்குத் துடைப்பதுபோல் துடைப்பாள். அப்புறம் கழுத்து, முதுகு, வயிறு, கால். வால் கடைசி. வாலை ஒரு வாளிக்குள் முக்கி அலசி, உதறி, சிக்கெடுத்து, பின்னி, அழுக்குப் படாமலிருக்க ஒரு சட்டைக் கைக்குள் நுழைத்துக் கட்டிவிடுவாள். சட்டை, புருஷன் புகழேந்தியுடையது. அவனிடம் இப்போது முழுக்கைச் சட்டை என்று ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணச் சட்டைக்கே அந்தக் கதி நேர்ந்த அன்று அவன் லேசாக முகத்தைச் சுளித்தான். "நீ இன்னா தெனமும் மாப்பிள்ளையாவா போற?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள்.

குளித்த குதிரைக்கு உடனே மண்ணில் புரள வேண்டும். அது அதன் பிறவிக் குணம். ஆகவே ஈரம் உலரும்வரை கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடத்திக்கொண்டே இருப்பாள். பிரின்சி முன்னங்காலை மடக்கப் பார்க்கும். "ஏய், ஏய், அந்தப் புத்திதான வேணான்றது!" தெருவில் யார் வீட்டுக் கடிகாரம் நின்றாலும் இந்தக் குரலை வைத்து முள்ளைத் திருப்பிக்கொள்ளலாம்.

"அழுக்குன்னா எனுக்கு ஆவாது" என்பதுதான் லூர்துமேரி தன்னைப் பற்றி அறிமுகமாகச் சொல்லும் ஒரே வாக்கியம். அதற்காக அவள் வீட்டைப் போய்ப் பார்த்துவிடாதீர்கள். சுவர் வெள்ளையடித்துப் பல பொங்கல் ஆகிறது. ஒட்டடை அதன்பாட்டுக்குக் குடும்பம் நடத்துகிறது. வீட்டில் இருப்பது ஒரு மின்விசிறி, அது தொழுவத்தில் ஓடுகிறது. ஆனால் பஸ்ஸில் போனால் முன் சீட்டுக்காரர் தோளில் ஒட்டியிருக்கும் பஞ்சைக் கிள்ளி எடுக்காமல் அவளால் உட்கார முடியாது. ஒருமுறை விழுப்புரம் பஸ் நிலையத்தில் இப்படி எடுக்கப் போய், பை திருடுகிறாள் என்று நினைத்து ஒருவர் கத்திவிட்டார். அவரிடமே பஞ்சைக் காட்டி, "இந்தாங்க, உங்களுதுதான், வச்சிக்குங்க" என்றாள்.

கல்யாணம் ஆகும்வரை நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். புகழேந்தி ஓட்டுவது ஒரு சின்ன சுமைவண்டி, ஊரார் குட்டியானை என்பார்களே, அது. புதுச்சேரியில் கடற்கரைச் சவாரி விட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது, எலும்பும் தோலுமாய் நின்ற இந்தக் குதிரையை அவன் தலையில் கட்டினார். அப்போது அது வெள்ளைக் குதிரை என்பதே தெரியாது. "சாம்பக் கலர்னு சொல்லித்தான் எங்கூட்டுக்காரரு இட்டாந்தாரு. மூணாம் நாள் தேய்க்கும்போது உள்ளேருந்து பிரின்சி வந்தா" என்பாள் லூர்துமேரி, ஏதோ தானே பெற்றெடுத்த தோரணையில். இப்போது மாப்பிள்ளை ஊர்வலம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று சுற்றுவட்டாரமெல்லாம் பிரின்சிக்கு அழைப்பு. ஒவ்வொரு விசேஷத்துக்கும் மறுநாள், பிடரி மயிரில் ஒட்டிய ஜிகினாத் துகள்களைப் பேன் பார்ப்பதுபோல் உட்கார்ந்து எடுப்பாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் போன வருஷம் திண்டிவனத்தில் அந்த அவமானம் நடந்தது.

சித்திரையில் அங்கே ஒரு மைதானத்தில் குதிரை வளர்க்கிறவர்கள் கூடி ஒரு போட்டி வைக்கிறார்கள். நடை, ஆட்டம், எல்லாம் உண்டு. அதில் பராமரிப்புக்கென்று தனிப் பரிசு. நடுவர் டாக்டர் சித்தார்த்தன், கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு குதிரையின் மேலும் அழுத்தித் துடைத்து, கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டுவார். முகப் பவுடர் அடித்து வெளுத்துக் கொண்டுவந்தவர்கள் குட்டு அங்கேயே உடையும். பிரின்சியின் தொடைக்குப் பின்னால், சாணத்தில் படுத்து எழுந்த ஒரு கறையை லூர்துமேரி பார்க்கத் தவறியிருந்தாள். கைக்குட்டை மஞ்சளாக உயர்ந்தது. கூட்டத்தில் யாரோ, "குதிரைக்கு மஞ்சக்காமாலைடோய்!" என்றான். மைதானமே சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் வாளியைத்தான் எடுத்தாள்.

அன்றையிலிருந்து அவளுக்குக் கோப்பை மேல்கூட ஆசை இல்லை. "அந்தக் கைக்குட்டை வெள்ளையா வந்திச்சா, வெள்ளையா திரும்பிப் போவணும். அவ்ளோதான்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி வந்தாள். புகழேந்தி தூக்கத்தில்கூடத் தலையாட்டினான்.

இந்த வருஷப் போட்டி நாள் வந்தது. பிரின்சி குளித்து உலர்ந்து, சுண்ணாம்பு அடித்த கோயில் கோபுரம் மாதிரி நின்றது. வண்டியில் ஏற்றும்போது புழுதி படாமலிருக்க, வழக்கமாகப் போர்த்துகிற வாயில் புடவையை எடுத்தாள். துவைத்துத் துவைத்து அது ஒரு காலத்தில் என்ன நிறமாக இருந்தது என்பது கட்டினவளுக்கே மறந்துபோன புடவை. வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் அதைப் பார்த்தாள்.

"போட்டிக்குப் போற கொயந்தைக்கு இந்தக் கந்தலாடி? பார்க்கிறவன் இன்னா சொல்வான்?"

சொல்லிவிட்டுக் கிளியம்மாள் பாட்டுக்கு வெற்றிலையை மடித்தாள். லூர்துமேரிக்குச் சுருக்கென்றது. விடுவிடுவென்று உள்ளே போய், மாதா கோயில் தேர்த் திருவிழாவுக்குத் தான் கட்ட வாங்கி வைத்திருந்த சிவப்புக் கைத்தறிப் புடவையை, மடிப்புக்கூடக் கலையாததை, கொண்டுவந்து பிரின்சியின் மேல் விரித்தாள். வெள்ளையில் சிவப்பு பளிச்சென்று எடுத்தது. தெருவே நின்று பார்த்தது. புதுப் புடவையை உப்புத் தண்ணீரில் முக்காமல் உடுத்தாதே என்று ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவளுக்கு, அன்றைக்கு அந்த நினைப்பே வரவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

வண்டி கிளம்பியது. பின்னால் குதிரையோடு அவளும் நின்றுகொண்டாள். விழுப்புரம் தாண்டியதும் வெயில் முகத்தில் அறைந்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் அனுமார் வால்போல் நின்றன. பக்கத்தில் ஒரு செம்மண் லாரி. காற்றடித்தபோதெல்லாம் மண் பறந்து வந்தது. லூர்துமேரி புடவையை இழுத்து இழுத்துக் குதிரையை இறுக்கிச் சுற்றினாள். உள்ளே பிரின்சிக்கு வேர்த்துக் கொட்டியது. "கொஞ்சம் பொறுடி செல்லம், தோ வந்துட்டம்."

திண்டிவனம் எல்லையில் கழுத்து வேர்வையைத் துடைக்கலாம் என்று புடவைக்கு அடியில் கையை விட்டாள். வெளியே எடுத்த கை சிவப்பாக இருந்தது.

அவள் டிரைவர் கூரையைப் பட்டென்று தட்டினாள். "நிறுத்துய்யா! நிறுத்துய்யா! கொயந்தைக்கு ரத்தம் வருதுய்யா!"

புகழேந்தி வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்தான். இருவருமாகப் புடவையை உருவினார்கள். காயம் ஒன்றும் இல்லை. கழுத்திலிருந்து வால்வரை பிரின்சி ரோஸ் மில்க் நிறத்தில் நின்றுகொண்டிருந்தது.

"சாயம்" என்றான் புகழேந்தி, மெதுவாக.

உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் லூர்துமேரிக்கு ஒரு நிமிஷம் அழுகை முட்டியது, அடுத்த நிமிஷம் ஆத்திரம். தன் தலையிலேயே நாலு போட்டுக்கொண்டாள். அதோடு சரி. குடிக்க வைத்திருந்த கேனைத் தூக்கிப் பிரின்சியின் முதுகில் கவிழ்த்தாள். "காயவுட்டா புடிச்சிக்கும். ஈரமாவே வச்சிக்கணும். தண்ணி எங்க கிடைக்கும் பாருய்யா, ஜல்தி!"

மைதானத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் வண்டி கழுவுகிற வாட்டர் சர்வீஸ் ஒன்று இருந்தது. உரிமையாளர் தேவநாதன் பஸ் ஒன்றுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். ரோஸ் நிறக் குதிரை ஒன்று தன் சிமெண்டுத் தளத்தில் ஏறுவதைப் பார்த்ததும் பிடித்திருந்த குழாயைக் கீழே விட்டார்.

"இன்னாம்மா இது! நம்மகிட்ட வண்டிதாம்மா கழுவறது."

"இதுவும் வண்டிதாண்ணா. நாலு கால்ல ஓடுது. கொஞ்சம் மெதுவா தண்ணி வுடுங்க, புண்ணியமா போவும்."

தேவநாதன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தாலும் குழாயைத் தாழ்த்திப் பிடித்தார். பஸ்காரர் ஆரன் அடித்தார், அவரைக் கையமர்த்தினார். லூர்துமேரி மடியில் முடிந்து வைத்திருந்த பூந்திக்கொட்டையைக் கரைத்தாள். நார் போதாதென்று உள்ளங்கையால் தேய்த்தாள். புடவையைக் கச்சமாக இழுத்துச் செருகிக்கொண்டு வயிற்றின் அடியில் புகுந்தாள். சிவப்புத் தண்ணீர் தளத்தில் ஓடியது, பிறகு ரோஸ், பிறகு லேசான ரோஸ். மைதானத்து மைக் இங்கே தெளிவாகக் கேட்டது. நடைப் போட்டி முடிந்தது என்றது. ஆட்டப் போட்டி தொடங்கியது என்றது. "கேட்டியா மேரி?" என்றான் புகழேந்தி. "எனுக்கும் காது கீது, நீ போய் நம்ம நம்பரைக் கடைசியில போடச் சொல்லு!" அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

ஈரத்தோடு மைதானத்தில் இறக்கினால் செம்மண் அப்பிக்கொள்ளும். காய வேண்டும். காலையெல்லாம் அவள் சபித்துக்கொண்டிருந்த வெயில் இப்போது கைகொடுத்தது. பிரின்சியைச் சுற்றிச் சுற்றி நடத்தினாள், உள்ளங்கை விளிம்பால் ஈரத்தை வழித்துவிட்டாள். தேவநாதன் தன் பங்குக்கு, வண்டி காயவைக்கிற காற்றுக் குழாயைத் தூரத்தில் இருந்து மெதுவாக வீசினார். பிரின்சிக்கு அது பிடித்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டது. வெள்ளை திரும்பிவிட்டது. ஆனால் இரண்டு காதுக்கு நடுவே, நெற்றி மயிர் முளைக்கிற இடத்தில் மட்டும் ஒரு ரோஸ் சாயல் போகமாட்டேன் என்றது.

மைக் அவர்களுடைய பெயரைக் கூப்பிட்டது. இரண்டாம் முறையும் கூப்பிட்டது. லூர்துமேரி ஈரப் புடவையோடு குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் சித்தார்த்தன் பிரின்சியைச் சுற்றி வந்தார். மடித்த புதுக் கைக்குட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். கழுத்தில் துடைத்தார். அடிவயிற்றில் துடைத்தார். போன வருஷத்துத் தொடையில் அழுத்தியே துடைத்தார். அவர் கைக்குட்டையைப் புரட்டிப் பார்த்தார், மறுபடியும் புரட்டினார். உயர்த்திக் காட்டினார். வெள்ளை. பிறகு நெற்றியைக் கவனித்துக் கைக்குட்டையால் அங்கேயும் தேய்த்தார். அப்போதும் வெள்ளைதான்.

"ஒட்ட மாட்டேங்குதே. இது என்னம்மா, இங்க மட்டும் செவப்பா?"

"ஒண்ணும் இல்லீங்க டாக்டரு" என்றாள் லூர்துமேரி. "பொம்பளப் புள்ள. இவ்ளோ கூட்டத்தைப் பாத்ததும் வெக்கம்."

அவர் சிரித்துவிட்டார். சாயம் போன சிவப்புப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்ற புகழேந்தியைப் பார்த்ததும் விஷயம் புரிந்து இன்னும் சிரித்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். லூர்துமேரிக்கு அதுபோதும். இனி ஊருக்குப் போகலாம் என்றாள். போயிருக்கலாம், ஆனால் மைக் விடவில்லை. பராமரிப்புக்கான முதல் பரிசு, வளவனூர் லூர்துமேரி, குதிரை பிரின்சி என்றது. கூட்டம் விசிலடித்தது. புகழேந்தி குதித்தான். நனைந்த தலையும், சிவந்த கையும், முழங்கால்வரை சேறுமாக அவள் திருதிருவென்று விழித்தாள்.

"போ மேரி, போய் வாங்கு" என்று கயிற்றை அவன் வாங்கிக்கொண்டான். அவள் மேடையை நோக்கி நடந்தாள். மேலே விருந்தாளி ஒருவர் பெரிய கோப்பையோடு எழுந்து நின்றார். யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். பட படவென்று மைதானம் அதிர்ந்தது. லூர்துமேரி படியில் ஒரு காலை வைத்தவள், சட்டென்று திரும்பிப் பார்த்தாள். மிரண்டுபோன பிரின்சி வாலைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, இருடி, இருடி, தோ வந்துட்டேன்!"

மேடையில் கோப்பையை நீட்டியபடி விருந்தாளி காத்திருந்தார். போட்டி முடிந்துவிட்டது, இனிமேல் யாரும் துடைத்துப் பார்க்கப் போவதில்லை. லூர்துமேரி பிரின்சியின் பின்னால் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து, வெள்ளைக் காலில் ஒரு துளி படாமல் விழுந்த சாணம் அத்தனையையும் கையிலேயே வாங்கிக்கொண்டிருந்தாள்.