நீலம் வராத அப்பாவின் பிரிண்டர்

நான் கிளம்பிய வியாழக்கிழமை, அப்பா வழக்கம்போல் பிரிண்டரின் பிளக்கை அப்படியே பிடுங்கினார். முப்பது வருஷம் வீடுகளுக்கு வயரிங் செய்தவர்.

"முதல்ல பொத்தானை அமுக்கி அணைங்கப்பா. இல்லன்னா மை வர்ற முனை மூடாம காஞ்சிடும்."

"எனக்கே கரன்ட்டு பாடமா? கால்ல சக்கரம் கட்டினவளே, நீ பஸ்ஸைப் பாரு!"

நான் போகும் ஊர்களின் படங்களை அச்சிட்டுச் சுவர் முழுக்க ஒட்டவே அதை வாங்கியிருந்தார். ஓரிடத்தில் நாலு நாள் இருப்புக் கொள்ளாமல், கரை கரையாக அலைந்து கடல் படங்களாக அனுப்பினேன். சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றினார். ஏழு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

"நீ சொன்னது சரிதாம்மா. நீலம் அடைச்சிடுச்சு. நாலு தடவை சுத்தம் பண்ணியும் வரல. உன் கடலெல்லாம் சிவந்து கிடக்கு. சரியாகற வரைக்கும் பாலைவனம் பக்கம் போயேன்."