லீமாவுக்கு ஏழு கிலோ

2007 டிசம்பர் 21, வெள்ளி, காலை ஐந்தரை. ஒஸ்லோவின் குரோருட்டில் எங்கள் மாடிவீட்டுக் கதவைப் பூட்டியபோது வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினொரு பாகை. பெரு நாட்டின் தலைநகர் லீமாவுக்குப் புறப்பட்டோம், நானும் மகள் அபியும். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நத்தார் லீவு கிடைக்கவில்லை. அபிக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் ஸ்பானிய மொழி படிக்கிறாள். படித்ததைக் கதைத்துப் பார்க்க ஒரு நாடு வேண்டும் என்று இரண்டு வருடமாக என்னை அரித்தெடுத்தாள்.

எங்கள் ஆட்களுக்குப் பயணம் என்றால் சொந்தக்காரர் வீடுதான். பாரிசில் சித்தப்பா, லண்டனில் மச்சாள், மிச்சப்பேர் எல்லாரும் ரொறன்ரோவில். லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர் விசாரித்தார்.

“லீமாவிலை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“பேந்து ஏன் போறியள்? ஆற்றை வீட்டிலை சாப்பிடுறது?”

அவருக்குச் சொல்லாத ஒருவர் அங்கே இருந்தார். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே பாத்திரம் கழுவும் பகுதியில் இருப்பவர் மார்த்தா, லீமாக்காரி. தாயார் இன்னும் லீமாவில்தான். ஆறு வருடமாக ஊருக்குப் போகவில்லை. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு இருக்கிறார். முடிவு வருமுன் நோர்வேயை விட்டு வெளியேறினால் திரும்ப உள்ளே விடுவார்களோ தெரியாது. நான் லீமாவுக்குப் போகிறேன் என்றதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. “பார்சல் ஏதும் இருக்கிறதா?” என்று நானாகத்தான் கேட்டேன். கொழும்புக்குப் போகிற எவரிடமும் நாங்கள் பார்சல் கொடுத்துவிடாமல் இருந்ததில்லை. அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

மறுநாள் ஏழு கிலோ கொண்டுவந்தார். கம்பளிக் காலுறை, மீனெண்ணெய்க் குளிசை, பழுப்புச் சீஸ், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. யாழ்ப்பாணத்துக்கு நாங்கள் கட்டும் பார்சலும் இதுவேதான், சீஸைத் தவிர. கடைசியாக ஒரு சொல்லும் கொடுத்துவிட்டார். “அம்மா கேட்டால், ஈஸ்டருக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.”

அந்தச் சொல்தான் பெட்டியில் ஆகப் பாரமானது. ஏனென்றால் அதை நானும் சொன்னவன். அகதி முகாமில் இருந்த காலம் தொடங்கி ‘அடுத்த வருசம் வாறன் அம்மா’ என்று பத்து வருடம் ரெலிபோனில் சொன்னேன். அம்மா ஒவ்வொரு முறையும் ‘ஓம் ராசா’ என்று நம்பினார். பதினோராம் வருடம் சொல்ல அவர் இருக்கவில்லை.

அம்ஸ்ரர்டாமில் இருந்து பன்னிரண்டரை மணி நேரம் பறந்து, அன்று மாலை ஆறு மணிக்கு லீமாவில் இறங்கினோம். கம்பளிச் சட்டை முதுகில் ஒட்டியது. ராக்சிகளில் மீற்றர் கிடையாது, ஏறுமுன்பே பேசிக்கொள்ள வேண்டும். சாரதி அறுபது சோல் கேட்டார், அபி நாற்பது என்றாள், நாற்பத்தைந்தில் முடிந்தது. எங்கள் பணத்தில் எண்பது குரோனர். பதினெட்டுக் கிலோமீற்றர் தூரத்துக்கு ஒஸ்லோவில் அந்தக் காசு கதவைத் திறக்கவே காணாது.

சாரதி கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“நோர்வேக்காரர் ஏன் கறுப்பாய் இருக்கினம் எண்டு கேக்கிறார் அப்பா.”

“அங்கை வெயில் கூட எண்டு சொல்லு.”

அபி சொன்னாள். மனிதர் ஸ்ரியரிங்கில் அடித்துச் சிரித்தார்.

அடுத்த இரண்டு நாளும் மிராஃப்ளோரெஸ் பகுதியில் சுற்றினோம். செங்குத்தான மண்மேட்டின் மேல் நகரம், கீழே பசிபிக் கடல். இருபத்துநாலு பாகை வெயிலில் கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் பஞ்சுப் பனி கொட்டிக் கிடந்தது. நத்தார் தாத்தா வேடம் போட்டவர் தாடியைத் தூக்கிக் கழுத்தைத் துடைத்தார். ‘பனெத்தோன்’ என்னும் முந்திரிவத்தல் கேக்கைப் பெட்டி பெட்டியாகக் காவிக்கொண்டு சனம் திரிந்தது.

“நாங்கள் சவல் போட்டு அள்ளி எறியிற பனியை இஞ்சை சனம் காசு குடுத்து வாங்குது,” என்றாள் அபி.

டிசம்பர் 24, திங்கள், பகல் இரண்டு மணி. மார்த்தாவின் தாயார் இருப்பது சொரில்யோஸ், தெற்கே ஏழு கிலோமீற்றர். மினிபஸ்ஸில் ஆளுக்கு ஒரு சோல். கொண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர்களைக் கூவினார். நிற்க இடமில்லாத பஸ்ஸில் இன்னும் பத்துப் பேருக்கு இடமிருப்பதாக அவர் நம்பினார்.

மீன்பிடித் துறைக்கு மேலே நீலச் சுவர் வீடு. தாயார் எலேனா, அறுபத்தைந்து வயதிருக்கும், பள்ளிச் சீருடை தைப்பவர். அபி எடுத்தவுடனேயே அவரை ‘அன்ரி’ என்று கூப்பிட்டாள். அது ஸ்பானிய மொழியில் இல்லை என்று அவளுக்கும் தெரியும். எலேனா பார்சலைப் பிரிக்காமல் மடியில் வைத்துத் தடவினார். பிறகு அபியைக் கூட்டிக்கொண்டு கொக்கோ காய்ச்சக் குசினிக்குப் போனார். கறுவாவும் கராம்பும் மணத்தது.

நான் முன் அறையில் தனியே இருந்தேன். மேசையில் மாட்டுக்கொட்டில் சோடித்திருந்தது. மரியாள், சூசை, ஆடுகளோடு இரண்டு லாமாக்கள். நடுவில் வைக்கோல் தொட்டில் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்து அலுமாரியில், கைக்குட்டைக்குள், உள்ளங்கை அளவில் குழந்தைச் சிலை. நான் சைவக்காரன். வெள்ளிக்கிழமை தோறும் குரோருட் வீட்டுச் சாமித்தட்டைத் துடைத்து, ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் வைப்பவன். வெறும் பீடத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. பாவம், வேலைப்பளுவில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். குழந்தையை எடுத்துத் தொட்டிலில் வைத்து, யன்னல் சாடியில் ஒரு பூவும் பிடுங்கி வைத்துக் கும்பிட்டேன்.

தட்டத்தோடு வந்த எலேனா அப்படியே நின்றார்.

“அப்பா, என்ன செய்தனீங்கள்?” என்றாள் அபி. “அவர் இரவு பன்னிரண்டுக்குத்தான் பிறக்கிறவர். நீங்கள் பின்னேரம் மூண்டு மணிக்கே பிறக்க வைச்சிட்டீங்கள்.”

எனக்கு முகம் எரிந்தது. எலேனா சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. அவர் சொல்லச் சொல்ல அபி தமிழில் சொன்னாள். “ஐஞ்சு வயசிலை இருந்து மார்த்தா அன்ரிதான் வைக்கிறவவாம். இப்ப பன்னிரண்டு மணிக்கு அவ ஒஸ்லோவிலை இருந்து ஃபோன் எடுப்பாவாம், அங்கை விடிய ஆறு மணி. ‘இப்ப வையுங்கோ அம்மா’ எண்டு அவ சொன்னாப் பிறகுதான் இவ வைப்பாவாம்.”

எலேனா குழந்தையை எடுத்துத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றினார். பூவை மட்டும் தொட்டிலிலேயே விட்டார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“ஈஸ்டருக்கு வருவாவோ எண்டு கேக்கிறா,” என்றாள் அபி.

“ஓம், கட்டாயம் வருவா எண்டு சொல்லு.”

“அவவின்ரை ஒப்ஹோல்ட் அனுமதி இன்னும் வரேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பொய்யை என்னைக் கொண்டு சொல்லுவிக்காதேங்கோ. நீங்களே சொல்லுங்கோ. ‘சி’ எண்டால் ஓம், அதைச் சொன்னால் காணும்.”

“சி, சி,” என்றேன், ஒருமுறைக்கு இருமுறை. எலேனா என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்த அபியைத்தான் பார்த்தார். பிறகு எங்கள் கோப்பைகளைத் திரும்ப நிரப்பினார்.

டிசம்பர் 28, வெள்ளி. விடைபெறப் போனோம். எலேனா ஒரு போத்தல் மிளகாய் விழுதும், நூலால் கட்டிய சின்னப் பெட்டியும் தந்தார். மார்த்தாவிடம் கொடுக்கும்வரை திறக்கக் கூடாது என்றார். நத்தார் முடிந்து மூன்று நாள், தொட்டில் இன்னும் வெறுமையாகவே இருந்தது. என் கை பட்டதால் குற்றமாகிவிட்டதோ என்று வெட்கத்தில் நான் கேட்கவில்லை. வாசலில் என்னை அணைத்து ஏதோ சொன்னார்.

“உங்களோடை கோவம் இல்லையாம். உங்களுக்கும் அம்மா இருந்திருப்பா எண்டு சொல்லுறா,” என்றாள் அபி.

சின்னப் பெட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அன்றிரவே விமானம் ஏறினோம்.

டிசம்பர் 31, ஒஸ்லோ. இரவு விழுந்த பனியில் சறுக்கிச் சறுக்கி வேலைக்குப் போனேன். சமையலறை மேசையில் வைத்து மார்த்தா நூலை அறுத்தார். பஞ்சுக்குள் அந்தக் குழந்தை, அதே கைக்குட்டையில். கூடவே ஒரு துண்டுக் கடதாசி. படித்துவிட்டு எனக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னார். “இனிமேல் நீ இருக்கிற இடத்திலேயே வை, மகளே.”

கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே கேட்டார். “அம்மாவுக்கு உண்மையைச் சொன்னீர்களா?”

“இல்லை. ஈஸ்டருக்கு வருவீர்கள் என்றுதான் சொன்னேன்.”

யன்னலில் இருந்த மின்மெழுகுவர்த்திகளின் அடியில் குழந்தையை வைத்துவிட்டு, அவர் திரும்பி நின்று அழுதார். தண்ணீர்க் குழாயைத் திறந்து, அவர் கழுவ வேண்டிய தட்டங்களைக் கழுவினேன்.

‘ஓம் ராசா’ என்ற என் அம்மா பத்து வருடமும் என்னை நம்பினார் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.