சுண்ணாம்பு அடித்த முன்சுவர்

இன்று அடுத்த வீட்டில் அடித்த சுண்ணாம்பின் ஈர வாசம், டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்தில் நான் படித்த பள்ளிக்கு என்னை இழுத்துப் போனது. ஐந்து வகுப்பும் ஒரே மண்டபத்தில் நடக்கும், தகரக் கூரையில் மழை இரைந்தால் வாத்தியார் பேச்சை நிறுத்திவிடுவார், பள்ளியைப் பார்வையிட அதிகாரி வருகிற வாரம் மட்டும் முன்சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள், பின்சுவரில் பாசி அப்படியே இருக்கும்.

பிற்காலத்தில் அந்த அதிகாரியாக நானே போனேன்.

"கூரைக்குப் பணம் கேட்டிருக்கோம் சேர். உள்ள வந்து பாருங்க," என்றார் தலைமையாசிரியர்.

"பஸ் போயிரும்."

"ஒங்களுக்குத் தெரியாததா? அந்த மூலையில நீங்களும் நனைஞ்சவருதானே."

வாசலில் நின்றபடியே 'கட்டடம் நன்று' என்று எழுதினேன். அதைக் காட்டியே பணத்தை மறுத்தார்கள். கூரை சரிந்ததும் பள்ளியையே மூடிவிட்டார்கள். அங்கே இப்போது தேயிலை நிற்கிறது. பிள்ளைகள் அடுத்த தோட்டத்துக்கு மலையேறி நடக்கிறார்கள்.