முத்துச்செல்வியின் ஸ்டூலும் கொங்கண் ரயிலும்

கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே கலைமதிதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா, ஹாஸ்டல்ல எல்லாரும் கொங்கண் ரயில் டூருக்குப் பேர் குடுத்துட்டாங்க. நீ மட்டும் யோசிச்சுகினே கீற?"

"அஞ்சு நாளு லீவு வேணும்லா. யாரு குடுப்பா?" என்றாள் முத்துச்செல்வி.

"திருமலை சார் குடுப்பாரு. நான் கேட்டுட்டேன்."

"நீ எதுக்குட்டி கேட்ட?"

"உனக்கோசரந்தான். ஜாலியா போய்ட்டு வா. உன் எடத்த நான் பாத்துக்கறேன்."

முத்துச்செல்வி எழுந்து கை கழுவப் போய்விட்டாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"நான் இன்னா தப்பா சொல்ட்டேன்?" என்று கலைமதி பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னைக் கேட்டாள்.

முத்துச்செல்வி தென்காசிப் பக்கத்துக்காரி. வல்லம் வடகால் செல்போன் கம்பெனியில், எங்கள் லைனில் கேமராவைச் சோதிப்பது அவள் வேலை. லைனில் உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். மற்றவர்கள் ஷிப்ட் முழுக்க நிற்க வேண்டும். பேக்கிங்கில் நின்று நின்று கால் வீங்கிய பிறகுதான் அந்த ஸ்டூல் அவளுக்குக் கிடைத்தது. யார் எழுந்து போனாலும் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள ரிலீவர் ஒருத்தி உண்டு. எங்களுக்கு அது மண்ணூர்க் கலைமதி.

கலைமதி குள்ளம். உட்கார்ந்ததும் ஸ்டூலை உயர்த்திக்கொள்வாள், இறக்கிவைக்க மறந்துவிடுவாள். பாத்ரூம் போய்த் திரும்புகிற முத்துச்செல்விக்கு முட்டி மேஜையில் இடிக்கும். எதுவும் பேசாமல் திருகி இறக்குவாள். ஒருநாள் சூப்பர்வைசர் திருமலை, "கலைமதி உக்காந்தா செக் பண்ற போனோட கவுண்டு ஏறுதும்மா" என்று சிரித்துவிட்டுப் போனார். அதன் பிறகு முத்துச்செல்வி வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

ஆனால் மேற்குக் கடற்கரை மலைகளுக்குள் போகிற அந்த ரயில்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. ஊருக்குப் போவதும் வருவதும் எப்போதும் ராத்திரி பஸ்ஸில்தான். வழியில் என்ன இருக்கிறதென்றே அவளுக்குத் தெரியாது. ஹாஸ்டலில் எங்கள் அறையில் இருக்கும் சுகப்பிரியா காட்டிய வீடியோவில், ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்ததும் ஜன்னலை ஒட்டி அருவி கொட்டியது. அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள். கம்பெனி பஸ்ஸில் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். மண்ணூரில் கலைமதி ஏறினால் அணைத்துவிடுவாள்.

கேன்டீன் பேச்சு நடந்த அன்று சாயங்காலம் சுகப்பிரியா டிக்கெட் போட உட்கார்ந்தாள்.

"வர்றியாக்கா, இல்லியா?"

"நா அங்க அருவியப் பாத்துக்கிட்டு இருப்பேன். இங்க அவ என் ஸ்டூல்ல ஒக்காந்து சார்கிட்ட நல்ல பேரு வாங்குவா. அருவி கண்ணுல தெரியுமாட்டி எனக்கு?"

"அப்ப ஸ்டூலுக்கும் சேத்து ஒரு பெர்த் போட்டுரவா?"

அறையே சிரித்தது. முத்துச்செல்வி சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். நான் பயிற்சிக்குச் சேர்ந்த புதிது, டூருக்கு லீவு கிடையாது. லைனிலேயே கை மெதுவானவள் என்று பெயர் எடுத்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், சட்டென்று சுகப்பிரியாவிடம், "என் பேரையும் போட்டுரு. ஜன்னலோரம்" என்றாள்.

பிறகு, துணி காயப்போட மாடிக்குப் போன என் பின்னாலேயே வந்தாள். வாளியை வாங்கித் தானே பிழிந்து கொடுத்தாள்.

"ஏட்டி, கேமரா வேல படிக்கணும், அஞ்சு நாளைக்கு என் எடத்துல ஒக்காருதேன்னு நீயே சார்ட்ட கேளு. அவள ஒக்கார விட்டுராத. ஸ்டூல ஏத்தாத, எறக்காத. அப்புறம், வேகமா மட்டும் செஞ்சிராத, என்ன?"