தேனீயின் வலது பக்கம்

ஜமீலா போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் நம்பரிலிருந்து போன். தொழுகை, சாப்பாடு எல்லாம் முடிந்து வாரா வாரம் அவள் கூப்பிடுகிற நேரம்தான். "சொல்லு அரைத்தேனீ" என்று எடுத்தேன்... பேசியது அவள் மகள்.

"பெரியம்மா, அம்மா மௌத்தாயிட்டாங்க. காலையில..."

அந்தப் பெண்ணிடம் போய் அரைத்தேனீ என்று சொல்லிவிட்டேனே என்று இப்போதுவரை கூச்சமாக இருக்கிறது.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். காவிரிப் பாலம் தாண்டினால் அவள் வீடு. ஆனால் இரண்டு பேருக்கும் முழங்கால் சரியில்லை, அதனால் போனிலேயே குடித்தனம் நடத்தினோம்.

வீடு நிறைய ஜனம். மகளைத் தவிர ஒருவரையும் தெரியாது. ஒரு பெண் நாற்காலி எடுத்துப் போட்டு, "நீங்க யாருங்க?" என்றாள்.

"ஜமீலாகூடப் படிச்சவம்மா."

"காலேஜ்லயா?"

"இல்லம்மா, ஸ்கூல்ல."

"ஓ..." என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் ஒரு பெண்கள் ஹைஸ்கூல், ஒன்பதாம் வகுப்பு. வாரத்தில் ஒரு லைப்ரரி பீரியட்.

கண்ணாடி பீரோவுக்குள் தடித்தடியாக இங்கிலீஷ் கலைக்களஞ்சியம். சாவி லைப்ரரி டீச்சர் இடுப்பில். புத்தகம் மேஜையை விட்டு நகரக் கூடாது, நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

இரண்டு பேருக்கு ஒரு தலைப்பு. படித்து, தமிழில் குறிப்பெடுத்து, ஒரு நாள் எல்லார் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும். டீச்சர் அதற்கு "ஆராய்ச்சி" என்று பெரிய பெயர் வைத்திருந்தார்.

எனக்கும் ஜமீலாவுக்கும் தேனீ.

அதுவரை அவளோடு நான் பேசியதுகூட இல்லை. வகுப்பில் யாரோடும்தான். ஆற்றைத் தாண்டி பஸ்ஸில் வருகிறவள், மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறவள், அவ்வளவுதான் நான்.

பீரியடோ குட்டி, புத்தகமோ ஒன்று. ஜமீலாதான் வழி கண்டுபிடித்தாள். விரித்த புத்தகத்தில் இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் அவளுக்கு. யார் முதலில் முடித்தாலும் கடைசி வரியில் விரலை வைத்துக் காத்திருக்க வேண்டும். இரண்டு விரலும் வந்த பிறகுதான் பக்கத்தைத் திருப்புவது.

அவள் இடது கைக்காரி வேறு. என் முழங்கையும் அவள் முழங்கையும் இடித்துக்கொண்டே இருக்கும். இடம் மாறி உட்காரலாம் என்றால் மாட்டாள், ஜன்னல் அவள் பக்கம்.

எப்போதும் அவள்தான் முதலில் முடிப்பாள். விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்காக ஒருத்தி காத்திருந்தது அந்த மேஜையில்தான்...

இருவரும் சேர்ந்து நின்று மாற்றி மாற்றிச் சொல்வதாக ஏற்பாடு. எல்லாவற்றையும் ஒன்றாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு மண்டுகளுக்கும் தோன்றவில்லை.

சொல்ல வேண்டிய அன்று ஜமீலா வரவில்லை. பொன்னுக்கு வீங்கி.

"டீச்சர், அவ பாதி அவகிட்ட இருக்கு..."

"உன் பாதி உங்கிட்ட இருக்குல்ல? சொல்லு."

சொன்னேன். "ராணித் தேனீ கூட்டை விட்டு உயரப் பறந்து செல்கிறது." அடுத்த பக்கம் ஜமீலாவோடு காய்ச்சலில் கிடந்தது. அதற்கடுத்த என் பக்கம்: "அதை உருக்கி மெழுகுவத்தி செய்யலாம்."

வகுப்பே குலுங்கியது. டீச்சர்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து நான் அரைத்தேனீ. பஸ் ஸ்டாப் வரைக்கும் அதே கூப்பாடு.

ஜமீலா திரும்பி வந்தபோது கன்னம் இன்னும் முழுசாக வடியவில்லை. யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். லைப்ரரி பீரியடில் எழுந்து நின்றாள்.

"டீச்சர், எம் பாதிய நான் சொல்றேன்."

"அதான் ரெண்டு பேரும் இருக்கீங்களே, சேர்ந்தே சொல்லுங்க."

"இல்ல டீச்சர். நான் மட்டும்."

முகத்தில் சிரிப்பே இல்லாமல் படித்தாள். "கரடிக்குத் தேன் என்றால் உயிர். ஆண் தேனீக்கள் கூட்டமாக அதைத் துரத்திக்கொண்டு செல்கின்றன."

மறுபடியும் வகுப்பு குலுங்கியது. உட்காரும்போது முழங்கையால் என்னை இடித்தாள். "இப்ப ரெண்டு பேருமே அரைத்தேனீ. ஒத்தையா நீ மட்டும் எதுக்குடி?"

எஸ்.எஸ்.எல்.சி.யோடு பிரிந்தோம். கல்யாணம், பம்பாய், பிள்ளைகள்... என் வீட்டுக்காரர் போன பிறகு ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி வந்து ஒரு ஃப்ளாட்டில் தனியாக உட்கார்ந்தேன்.

பேத்தி இந்த முகநூலைத் திறந்து கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூட க்ரூப் போட்டோ ஒன்றைப் போட்டேன். கீழே ஒரு கமெண்ட்: "கடைசி வரிசை ஓரத்தில் நிற்பது அரைத்தேனீதானே?"

அன்றைக்கு எவ்வளவு அழுதேன் தெரியுமா... சந்தோஷத்தில்தான்.

அப்புறம்தான் இந்த வெள்ளிக்கிழமைகள். அவளுக்குப் பெயரெல்லாம் ஞாபகம், எனக்கு முகமும் புடவையும். இருவரும் பேச ஆரம்பித்தால் வகுப்பு முழுவதும் வந்து உட்கார்ந்துவிடும்.

இதை எழுதும்போது லைப்ரரி டீச்சர் பெயர் எனக்கு வரவில்லை. அரக்கு பார்டர் வெள்ளைப் புடவை தெரிகிறது, இடுப்புச் சாவி தெரிகிறது... பெயர் மட்டும் இல்லை. கேட்கலாம் என்று போனை எடுத்து ஜமீலா நம்பர்வரை போய்விட்டேன்.

அதனால்தான் மேலே வெறும் டீச்சர் என்று எழுதியிருக்கிறேன். கூடப் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் சொல்லுங்கள்.

போய் வா, ஜமீலா. இந்த முறையும் நீதான் முதலில் முடித்திருக்கிறாய்... விரலை எடுக்காமல் இரு.