வெயிலில் கறுத்த சட்டை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாவதில் இரண்டு முறை கோட்டை விட்டவன் பேனா பிடித்து என்ன ஆகப்போகிறது என்று சும்மாதான் இருந்தேன். போன வாரம் கடைக் கண்ணாடி துடைக்க அம்மா கொடுத்துவிட்ட துணி கெடுத்துவிட்டது. விரித்தால், பதினேழு வயதில் நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை. நெஞ்சுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கறை. ரீசார்ஜ் கார்டு வாங்க வந்த ஒரு சிறுமி, நான்காம் வகுப்பு, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, இது என்ன கறை? தொவைச்சாப் போகாதா?" கடைக்கு வருகிற எந்தப் பிள்ளையையும் நான் கேலி செய்யாமல் அனுப்பியதில்லை. இவளிடம் மட்டும் எனக்கு வாய் வராது. "இங்க்கும்மா" என்று சொல்லிவிட்டுத் துணியைச் சுருட்டிக் கல்லாவுக்கு அடியில் திணித்தேன்.

அது இங்க் இல்லை. என் மதினியின் மருந்து.

மதினி திண்டுக்கல் டவுனில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு பள்ளியில் லேப் அசிஸ்டென்டாக இருந்தவர். அண்ணனைக் கட்டிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அப்போது ஒரு கம்பெனிக்காகக் குட்டி வெள்ளரி போட்டிருந்தோம். வெளிநாட்டு ஊறுகாய்க்குப் போவது. சுண்டுவிரல் பருமனில் பறித்துவிட வேண்டும். வெள்ளரியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. காம்புப் பக்கம் குட்டிப் பிஞ்சோடு பூத்தால் பெண். கம்பெனி கொடுத்த விதையில் சில கொடிகள் முழுக்கப் பெண் பூவாகவே பூத்தன. பூத்ததெல்லாம் காய். அந்தக் கொடிகளிலிருந்து சொந்தமாக விதை எடுக்க வேண்டும் என்று மதினிக்கு வெறி. ஆனால் ஆண் பூ இல்லாமல் விதை ஏது? வேறு கொடியின் ஆண் பூவைத் தொட்டு வைத்தால் ஜாதி கலந்துவிடும். அதே பெண் கொடியையே கொஞ்சம் ஆண் பூ பூக்க வைக்க வேண்டும். அதற்கு சில்வர் நைட்ரேட் என்று ஒரு மருந்து. தண்ணீரில் கரைத்து, இரண்டு இலை விட்ட பருவத்தில் குருத்தில் அடித்தால், கொஞ்ச நாளில் பெண் கொடி ஆண் பூ பூக்கும். நான் நம்பவில்லை. பூத்தது. அந்தப் பூவைப் பறித்து அதே கொடியின் பெண் பூவில் தடவி, வண்டு நுழையாமல் பேப்பர் சுற்றி நூல் கட்டுவார் மதினி. மருந்துக் கரைசல் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். வெயில் பட்டால் கறுக்கும் என்று, பாட்டிலுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றி மோட்டார் ரூமில் வைத்திருப்பார். மதினியின் விரல் நுனிகள் எப்போதும் கறுப்பாகவே இருந்தன.

கொழுந்தன் மதினியைக் கேலி பண்ணாவிட்டால் எங்கள் பக்கம் ஏதோ சண்டை என்று நினைப்பார்கள். நான் சும்மா இருப்பேனா? "மதினி, அண்ணன் பக்கம் அடிச்சிராதீக. நாளைக்கிச் சேல கட்டிட்டு வந்து நிக்கப் போறாரு" என்பேன். மதினி நிமிராமலே, "ஒங்க மேலதான் ஒரு நா அடிச்சுப் பாக்கணும் கொழுந்தனாரே. கொஞ்சமாவது ஆம்பளையாவீகளான்னு" என்பார். மூன்று போகம் இப்படியே பொறுக்கி எடுத்து, கடைசியில் பதினோரு கொடிகள் அவர் கேட்டபடி வந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுகூட வழியில் அந்தப் பாத்தியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவார்.

காய் பறிக்க ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். அதில் ஒரு அக்கா. மூன்றும் பெண் பிள்ளைகள். மூன்றாவதுக்குப் போதும்பொண்ணு என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை வைத்தும் நான் எத்தனையோ சிரித்திருக்கிறேன். ஒரு நாள் காலை கம்பெனி டெம்போ வந்து நின்றது. அதை ஓட்டி வந்த வடமதுரைக்காரன் என் நண்பன். நானும் அவனுமாகச் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். அந்த அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏப்பு, ஒங்க மதினி பொட்டப் பூவ ஆம்பளப் பூவாக்குதாமே, நெசமா?"

"பூவ மட்டுமா? எங்க கெடேரிக் கன்னப் போன வாரம் காளையாக்கிருச்சு. நீங்க பாக்கலையாக்கா?"

அக்கா சிரிக்கவில்லை. "மனுசருக்கும் கேக்குமா?"

"கேக்காம? செடிக்கு ரெண்டு எல விட்டதும் அடிக்கணும். மனுசருக்கு மூணாம் மாசம். அதத் தாண்டுனா ஒண்ணும் நடக்காது."

"எம்புட்டு?"

"ஒரு மூடி" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அக்கா விரலை மடக்கினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவது விரலில் நிறுத்திவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு போனாள். இத்தனை வருடம் நான் யாரிடமும் சொல்லாதது இதுதான். அவள் விரல் மடக்கியதை நான் பார்த்தேன். வேடிக்கை சொன்னேன் அக்கா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாய் சும்மா கிடந்த ஒரே நேரம் அது.

மூன்றாம் நாள் நடுப்பகலில் மோட்டார் ரூம் பக்கமிருந்து சத்தம் கேட்டது. ஓடினேன். தொட்டி ஓரத்தில் அக்கா தொண்டையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கறுப்புக் காகிதம் சுற்றிய பாட்டில் கையில். தூக்கி நிமிர்த்தப்போனேன், பாட்டில் என் நெஞ்சில் கவிழ்ந்தது. பின்னாலேயே வந்த மதினி ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். "உப்பு! கல்லுப்பு கொண்டாங்க, ஓடுங்க!" உப்புத் தண்ணீரைக் கலக்கி அக்காவின் வாயில் ஊற்றினார். வெளியே வந்தது பால் திரிந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே மதினி கேட்டார்: "யாரும்மா இதக் குடிக்கச் சொன்னது? யாரு சொன்னா?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "யாரும் சொல்லல. இதுவும் பொட்டையா இருந்தா வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு மாமியா சொல்லிருச்சு. நானாத்தான்..."

அன்றும் லோடுக்கு வந்து சாக்கு ஏற்றியிருந்த டெம்போவில் சாக்கைத் தள்ளிவிட்டு அவளைப் படுக்க வைத்தோம். நண்பன் ஹாரனிலிருந்து கை எடுக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினான். உப்புத் தண்ணீர் கொடுத்ததுதான் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னாராம். வயிற்றுப் பிள்ளையைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னாராம். அன்று சாயங்காலம் என் சட்டையில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் ஈரம். தப்பித்தேன் என்றுகூட நினைத்தேன். மறுநாள் காலை கொடியில் காயப் போட்ட சட்டை, மதியத்துக்குள் கறுத்துவிட்டது.

ஊர் மதினியைத்தான் பேசியது. விஷத்தைத் திறந்து போட்டு வைத்தவள் என்றார்கள். அண்ணனும் ஒரு வார்த்தை அப்படிச் சொன்னார். மதினி பாத்தியில் இறங்கி, நூல் கட்டிய பிஞ்சுகளோடு பதினோரு கொடியையும் பிடுங்கி எருக்குழியில் போட்டார். நான் கூட நின்று கொடியை வாங்கி வாங்கிப் போட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ரூமப் பூட்டாமப் போனது என் தப்புத்தான் கொழுந்தனாரே" என்று அவர் சொன்னபோது, "விடுங்க மதினி" என்றேன். மன்னிக்கிறவன் மாதிரி.

பிள்ளை பிறக்கும்வரை மதினி மாதம் தவறாமல் அந்த அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பெண் பிள்ளை. குறை ஒன்றும் இல்லை, இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறாள். மாமியார் வாசலில் நின்று கத்தியபோது மதினிதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் படியேறினார் என்பார்கள். அக்காவின் குரல் மட்டும் அன்றிலிருந்து கம்மிவிட்டது. இன்றும் தோட்ட வேலைக்குப் போகிறாள். வழியில் பார்த்தால், "நல்லாருக்கியா அப்பு" என்று அந்தக் கம்மிய குரலில் கேட்பாள். ஒரு நாளும் அதைப் பற்றி எடுத்ததில்லை. மதினி டவுனில் ஒரு நர்சரிப் பள்ளிக்கு வேலைக்குப் போய்விட்டார். விரல்கள் எப்போதோ வெளுத்துவிட்டன. வீட்டு வாசலில் ஒரு ரோஜாத் தொட்டிகூட வைப்பதில்லை.

சட்டை கல்லாவுக்கு அடியிலேயே கிடக்கிறது. அந்தச் சிறுமி நேற்றும் வந்தாள். அம்மாவின் போனுக்குக் கார்டு வாங்கிக்கொண்டு, "அண்ணே, லெமன் தேச்சா இங்க் போயிரும். எங்க டீச்சர் சொன்னாக" என்றாள். சரிம்மா என்றேன். அவள் போன பிறகு உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன். மதினி இதைப் படிப்பார். படிக்கட்டும் என்றுதான் எழுதினேன். அதற்கு முன்னால் ஒருத்தனுக்காவது வாசித்துக் காட்டத் தைரியம் வேண்டியிருந்தது. ஒட்டன்சத்திரத்தில் கேரளா லோடுக்குக் காத்திருந்த அந்த டெம்போக்கார நண்பனைப் போனில் பிடித்து, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். வாசித்து முடித்ததும் சொன்னான்:

"ஏலே, நீ ஒரு மூடின்னு சொன்னப்ப நான் விழுந்து விழுந்து சிரிச்சேனே, அத ஏன்டா எழுதாம விட்ட?"