அம்மா பாட்டின் கவுண்டர் சாம்பிள்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் முதலில் வருவது வாசனைதான். ஆம்பூரில் அப்பா சூப்பர்வைசராக இருந்த ஷூ கம்பெனி ஆபீசில் பல வருடம் ஓடிவிட்டு எங்களிடம் வந்த பெட்டி அது. சூடு ஏற ஏற உள்ளிருந்து தோலும் பசையும் கலந்த நெடி கிளம்பி முன்னறை முழுக்கப் பரவும்.

பிள்ளைகளே, அதற்குள் உங்கள் ஆயாவின், அதாவது என் அம்மாவின், பாட்டு ஒன்று இருந்தது. நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போவதற்கு முந்தின வாரம், அண்ணன் நீட்டிய மைக்கில் அம்மா பாடிய கிறிஸ்துமஸ் கேரல் பாட்டு. நடுவில் குக்கர் விசில் அடிக்கும். அம்மா சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்போடே அடுத்த அடியை எடுப்பார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்ததும் அதை ஒருமுறை கேட்ட பிறகுதான் அப்பா சாப்பிட உட்காருவார்.

மேல்விஷாரத்தில் கல்லூரி படித்த அண்ணன், அந்த வருடம் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தையும் அதே பெட்டியில் ஏற்றினான். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று திரை கேட்கும். எதற்குள் போனாலும் எங்கள் பாட்டுகள் எல்லாம் இருந்தன. ஒன்பதாவது படித்த எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. கம்பெனியில் புது மாடல் ஷூ செய்தால் ஒன்று அதை வாங்குகிற வெளிநாட்டு "பையருக்கு"ப் போகும், அதேபோல இன்னொன்று சீட்டு கட்டி அலமாரியில் இருக்கும், அதற்குக் "கவுண்டர் சாம்பிள்" என்று பெயர். "அங்க தொலஞ்சாலும் நம்மகிட்ட ஒண்ணு இருக்கணும்" என்பது அப்பா சாப்பிடும்போதுகூடச் சொல்லும் வார்த்தை. லினக்ஸில் இருப்பது கவுண்டர் சாம்பிள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, ஜுரம் என்று வீட்டில் தங்கியவன், தோஸ்த் ஒருவன் கொடுத்த சிடியிலிருந்து புதுப் பாட்டுகளை ஏற்றப் பார்த்தேன். இடம் இல்லை. அசல்தான் விண்டோஸில் இருக்கிறதே என்று, லினக்ஸுக்குள் போய்ப் பழைய பாட்டுகளை மொத்தமாக அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து, அந்த இடத்தில் புதியவற்றை நிரப்பினேன். பிறகு விண்டோஸுக்கு மாறினால், அங்கேயும் அதே புதுப் பாட்டுகள். அம்மாவின் பாட்டு இல்லை. மறுபடி லினக்ஸ், மறுபடி விண்டோஸ் என்று எத்தனை முறை மாற்றினேனோ. ஜுரம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்த அண்ணன் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். "இருந்தது ஒண்ணுதான்டா. ரெண்டு பக்கத்துலருந்தும் அதத்தான் கேட்டுக்கினு இருந்தோம்."

அப்பா என்னைத் திட்டவில்லை. அண்ணனைப் பார்த்து, "கவுண்டர் சாம்பிள் எடுத்து வெக்கலயாடா?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. ரிசீவர் என் கைக்கு வந்ததும் நடந்ததைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்து வைத்திருந்தேன். அதற்குள், பொய் சொன்னால் சோறு கிடையாது என்று எங்களை வளர்த்த அப்பா, "உன் பாட்டா? வாராவாரம் கேட்டுக்கினுதான் இருக்கேன், விசில் வர்ற எடத்துல பையன் சிரிக்கிறான்" என்றார். பாட்டு போனதைவிட அதில்தான் நான் அதிர்ந்துபோனேன். பக்கத்தில் நின்ற என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் இல்லை, அந்த நெடி இல்லை, அப்பாவும் இல்லை. ஓய்வு பெற்று வந்துவிட்ட அம்மா, போன டிசம்பரில்கூட, "அந்த விசில் பாட்டு இருந்தா புள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டேன்" என்றார். தேடுகிறேன் என்று சொன்னேன். அப்பா சொன்ன பொய்யை இத்தனை வருடம் நான்தான் காப்பாற்றி வந்திருக்கிறேன். உங்களுக்காக எழுதிய இந்தத் தாளை, உங்களுக்கு முன் ஆயாவுக்குத்தான் படித்துக் காட்டப் போகிறேன்.